எல்லா வக்கீலும் திருடன், நம்ம வக்கீல் மட்டும் தங்கம்

சாட்ஸ்வர்த் யூனிட் 7 | 2 ஜூன் 2025

கல்யாண வீடோ கருமாதி வீடோ, வக்கீல் பேச்சு எடுத்தா நம்ம ஆட்கள் வாயில ரெண்டே தீர்ப்புதான். "காசுக்குப் பொய் சொல்றவன்." "நெஞ்சுல ஈரம் இல்லாதவன்." ரெண்டையும் நான் ஒத்துக்கிறேன். இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல வீடு வித்தவங்க, விபத்துல அடிபட்டவங்க, அப்பா சொத்துக்கு அலைஞ்சவங்க, யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்றாங்க. இத்தனை பேரும் சேர்ந்து தப்பா சொல்லுவாங்களா?

மறுக்கிறவங்க தாராளமா மறுக்கலாம். "எல்லாத் தொழில்லயும் நல்லவனும் உண்டு கெட்டவனும் உண்டு"ன்னு மட்டும் எழுதாதீங்க. அது எனக்கும் தெரியும்.

கோப்பறை | 2 ஜூன் 2025

நேர்மையையும் இரக்கத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். நேர்மையைச் சோதிக்கலாம், அதற்குக் காகிதம் இருக்கிறது. இரக்கத்தைச் சோதிக்க எந்தக் காகிதமும் இல்லை. நம்மவர்கள் செய்வது தலைகீழ்: இரக்கத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கிறார்கள், காகிதம் கேட்க வெட்கப்படுகிறார்கள். எல்லா வக்கீலும் திருடன் என்று சொன்ன அதே வாய் அடுத்த நிமிடமே "நம்ம வக்கீல் தங்கம், ஆயா தவறினப்போ வீட்டுக்கே வந்து பந்தியில உட்கார்ந்தார்" என்று சொல்லும். பந்தியில் உட்கார்ந்ததை வைத்து, அவர் மக்கள் பணத்தை வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கைப் பற்றி என்ன தெரிந்தது?

கோப்பறை | 2 ஜூன் 2025, இரவு

சோதிக்கக்கூடியதை முதலில் எழுதுகிறேன்.

சொந்தமாகத் தொழில் நடத்தி மக்கள் பணத்தைக் கையில் வாங்கும் அட்டர்னி (மக்கள் நேராகப் போய்ப் பார்க்கும் வக்கீல்) ஒவ்வொருவரும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (சுருக்கமாக எஃப்.எஃப்.சி.) வைத்திருக்க வேண்டும். வக்கீல் திருடிய பணத்துக்கு ஈடு கொடுக்கும் நிதிதான் இந்த ஃபண்ட். 2014-ஆம் ஆண்டின் 28-ஆம் எண் சட்டம், பிரிவு 84. சான்றிதழின் ஆயுள் டிசம்பர் 31 வரைதான், ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்க வேண்டும். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய பட்டம் வேறு, இது வேறு. "இந்த வருஷத்து எஃப்.எஃப்.சி. ஒரு காப்பி மின்னஞ்சல்ல அனுப்புங்க" என்று கேட்டால் போதும். ஒழுங்கான ஆபீசில் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணே அனுப்பிவிடுவார். கேட்டதற்குக் கோபம் வந்தால் அந்தக் கோபத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே வக்கீல்களைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலின் (எல்.பி.சி.) மாகாண அலுவலகத்தில் (நமக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்) பெயரைக் கொடுத்து, ஆள் பட்டியலில் இருக்கிறாரா, தடை ஏதும் உண்டா என்று கேளுங்கள். நம்மவர்கள் இன்னும் "லா சொசைட்டி" என்றுதான் சொல்கிறார்கள். 2018 நவம்பர் 1-இலிருந்து அந்த வேலை எல்.பி.சி. கைக்குப் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. வீட்டு ஏஜென்டிடமும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் உண்டு. அது சொத்து ஏஜென்டுகளின் ஆணையம் தருவது. ஏஜென்ட் காட்டிய தாளைப் பார்த்துவிட்டு "வக்கீலோடதையும் பார்த்துட்டோம்" என்று நினைத்துவிடாதீர்கள்.

டோங்காட் அக்கா | 3 ஜூன் 2025

பன்னி சௌ (ரொட்டிக்குள்ள கறி) வாங்கினா மிச்சச் சில்லறையை ரெண்டு தடவை எண்ணுவாங்க. வீடு வித்த காசுக்கு ரசீது கேட்கச் சொன்னா "அவர் என்ன நெனச்சுக்குவாரோ"ன்னு கூச்சம்.

கோப்பறை | 4 ஜூன் 2025

டிரஸ்ட் கணக்கு எப்படிக் காலியாகிறது என்று தெரிந்தால், எந்த இடத்தில் கண் வைக்க வேண்டும் என்றும் தெரியும்.

அட்டர்னியிடம் இரண்டு வங்கிக் கணக்கு இருக்கும். டிரஸ்ட் கணக்கில் இருப்பது மக்கள் பணம். பிசினஸ் கணக்கில் இருப்பது அவர் சொந்தப் பணம், அதிலிருந்துதான் வாடகை, சம்பளம், கார் எல்லாம். நீங்கள் முன்பணமாகக் கொடுக்கும் கட்டணமும் முதலில் டிரஸ்ட் கணக்கில்தான் விழ வேண்டும். வேலை முடிந்து பில் போட்ட பிறகு, அந்தப் பில் தொகை மட்டும் பிசினஸ் கணக்குக்கு மாறலாம். திருட்டு தொடங்குவது பெரும்பாலும் இந்தக் கடவில்தான். மாதக் கடைசியில் சம்பளம் போட முடியவில்லை, பில் போடாமல் 30,000 ராண்ட் மாற்றிக்கொள்வது, "அடுத்த வாரம் திருப்பிடலாம்." அடுத்த வாரம் வேறொருவருக்கு வீட்டுப் பணம் கொடுக்க வேண்டிவரும். அந்த ஓட்டையை மூன்றாவது ஆளின் பணத்தால் அடைப்பார்கள். இப்படியே உருண்டுகொண்டு போகும்.

எந்தப் பணத்தில் முதலில் கை வைப்பார்கள்? நீண்ட நாள் கேட்க ஆளில்லாமல் கிடக்கும் பணத்தில். இறந்தவர் சொத்துப் பணம், மைனர் பிள்ளைக்கு வந்த நஷ்ட ஈடு, வெளிநாட்டில் இருக்கும் வாரிசின் பங்கு. வீடு விற்றவர் மறுநாளே போன் போடுவார். விதவை ஆறு மாதம் பொறுப்பார். அதனால்தான் விதவையின் பணம் போகிறது.

அடையாளங்கள்: வீட்டுப் பத்திரப் பதிவு முடிந்து சில நாளாகியும் பணம் வராமல் "பேங்க் சிஸ்டம் டவுன்" என்பது. முழுத் தொகைக்குப் பதில் துண்டு துண்டாக வருவது. டிரஸ்ட் கணக்கிலிருந்து வர வேண்டிய பணம் பிசினஸ் கணக்கிலிருந்தோ சொந்தப் பெயரிலிருந்தோ வருவது. இறுதிக் கணக்கு அறிக்கை கேட்டால் வாய்க்கணக்கு சொல்வது. இதில் துண்டு துண்டாகப் பணம் வருவதுதான் மோசமானது. டிரஸ்ட் கணக்கில் உங்கள் பணம் முழுதாக இருக்கும்போது துண்டாகக் கொடுக்கக் காரணமே கிடையாது.

சாட்ஸ்வர்த் யூனிட் 7 | 4 ஜூன் 2025

இதைத்தான் நானும் சொன்னேன். நீங்க வழி மட்டும் விளக்கமா எழுதியிருக்கீங்க.

வெருலம் வாசகர் | 5 ஜூன் 2025

ஃபண்ட் இருக்கே, பயம் எதுக்கு? வக்கீல் எதைத் தின்னாலும் ஃபண்ட் கக்கிடும். அதுக்குத்தானே வெச்சிருக்காங்க.

கோப்பறை | 5 ஜூன் 2025

எதைத் தின்றாலும் கக்காது, வெருலம். ஃபண்ட் பொறுப்பேற்பது திருட்டுக்கு மட்டும். தொழில் நிமித்தம் ஒப்படைத்த பணத்தை அட்டர்னியோ அவர் ஊழியரோ திருடினால்தான் (பிரிவு 55). கவனக்குறைவுக்குத் தராது. கெடு தேதியைத் தவறவிட்டு வழக்கு செத்துப்போனால் அது வேறு ஜன்னல்: அட்டர்னி மேல் வழக்குப் போட வேண்டும், அங்கே தொழில் காப்பீட்டு நிதி வரும்.

முதலீட்டுக்கும் தராது. நம்மவர்கள் விழும் பெரிய குழி இதுதான். "வீடு வித்த காசை ஏன் பேங்க்ல சும்மா வெச்சிருக்கீங்க, என்கிட்ட விடுங்க, மாசம் 2 சதவீதம் தரேன்" என்று வக்கீல் சொல்லி, நீங்களும் விட்டால், அது முதலீடு. போனால் ஃபண்டின் வாசலில் நிற்க முடியாது. பத்திரப் பதிவு முடியும்வரை தற்காலிகமாக வட்டிக் கணக்கில் வைப்பது இதில் சேராது, அது பாதுகாப்பில் இருக்கிறது.

காலக் கெடுவும் உண்டு. திருட்டு தெரிந்த நாளிலிருந்து, அல்லது கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 3 மாதத்துக்குள் ஃபண்டுக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆதாரம் கேட்டு அவர்கள் எழுதினால் அதிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம், பெரிய மனுஷன்" என்று இழுப்பவர்கள் இந்த 3 மாதத்தைத்தான் தொலைக்கிறார்கள்.

மாரிட்ஸ்பர்க் மேசை | 6 ஜூன் 2025

வட்டி பற்றிக் கோப்பறை அண்ணா விட்டதைச் சேர்க்கிறேன். சாதாரண டிரஸ்ட் கணக்கில் கிடக்கும் பணத்தின் வட்டி உங்களுக்கும் இல்லை, வக்கீலுக்கும் இல்லை, ஃபிடெலிட்டி ஃபண்டுக்குப் போகிறது. நீங்கள் எழுத்தில் கேட்டால் 86(4) கணக்கு என்று தனியாகத் திறப்பார்கள். அந்த வட்டியில் 5 சதவீதம் ஃபண்டுக்கு, மீதி உங்களுக்கு. வீடு வாங்குகிறவர் 200,000 ராண்ட் டெபாசிட் கட்டிவிட்டு மூன்று நான்கு மாதம் காத்திருப்பார். கையெழுத்துப் போடும் அன்றே "86(4)-இல் போடுங்கள்" என்று எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த வட்டி உங்களுக்கு இல்லை. பிறகு "வக்கீல் என் வட்டியைத் தின்னுட்டான்" என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். அவர் தின்னவில்லை. சொல்லாமல் விட்டது அவர் குற்றம், அது உண்மை.

மாரிட்ஸ்பர்க் மேசை | 6 ஜூன் 2025

வீட்டு விஷயத்துக்கு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. இந்த நாட்டு வழக்கப்படி கன்வேயன்சரை (வீட்டுப் பத்திரத்தைப் பெயர் மாற்றும் வக்கீலை) தேர்ந்தெடுப்பவர் விற்பவர், கட்டணம் கட்டுபவர் வாங்குபவர். காசு கொடுப்பவர் "என் வக்கீல்" என்று நினைத்துப் போன் செய்கிறார். அந்தப் பக்கம் பதில் பட்டும் படாமலும் வருகிறது, ஏனென்றால் அவர் விற்பவரின் ஆள். வாங்குபவர் காதில் அது ஈரமில்லாத பேச்சு.

அடுத்தது தாமதம். பத்திரம் மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீசுக்குள் (பத்திரப் பதிவு அலுவலகம்) நுழையும் முன் இத்தனையும் கைக்கு வர வேண்டும்: பழைய பாண்டை (வீட்டுக் கடனை) ரத்து செய்ய வங்கித் தொகை (90 நாள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் அபராத வட்டி), எதெக்வினி (டர்பன்) நகராட்சியின் ரேட்ஸ் கிளியரன்ஸ் (வரி பாக்கி இல்லை என்ற சான்று), வரித் துறையான சார்ஸிடமிருந்து டிரான்ஸ்ஃபர் டியூட்டி (சொத்து மாற்ற வரி) ரசீது (2025 ஏப்ரல் 1 முதல் 1,210,000 ராண்ட் வரை வரி பூஜ்யம், ஆனாலும் ரசீது வேண்டும்), ஃபிளாட் என்றால் பாடி கார்ப்பரேட்டின் (ஃபிளாட் உரிமையாளர் சங்கம்) லெவி கிளியரன்ஸ், மின்சார ஒழுங்குச் சான்று, நம் கடற்கரைப் பக்கம் வண்டுச் சான்று (மரத்தை வண்டு அரிக்கவில்லை என்று). ரேட்ஸ் சான்றின் ஆயுள் 60 நாள். வங்கி உத்தரவாதம் தாமதமாகி அந்த 60 நாள் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. இதில் வக்கீல் கையில் இருப்பது பாதிகூட இல்லை. ஆனால் "இன்னைக்கு நகராட்சியில நிக்குது, இன்ன தேதிக்கு வரும்" என்று வாரம் ஒரு வரி மின்னஞ்சல் போடுவது முழுக்க அவர் கையில். அதைச் செய்யாத ஆபீஸ்தான் கெட்ட பேர் வாங்குகிறது.

டோங்காட் அக்கா | 7 ஜூன் 2025

மின்னஞ்சல்னு சொன்னதும் இதைச் சொல்லாம விட முடியாது. "எங்க வங்கிக் கணக்கு மாறியிருக்கு"ன்னு வக்கீல் ஆபீஸ் பேர்ல கடிதம் வரும். லோகோ, கையெழுத்து எல்லாம் அச்சு அசலா இருக்கும். காசு போட்டா திருடனுக்குப் போகும். 2024-ல புளூம்ஃபான்டெய்ன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துல இப்படி 55 லட்சம் ராண்ட் இழந்த ஒரு வாங்குபவர் தோத்தே போனாங்க. கணக்கு எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டியது அவங்க பொறுப்புன்னு தீர்ப்பு. கடிதத்துல இருக்கிற போன் நம்பருக்குப் போடாதீங்க. முதல் நாள் நேர்ல வாங்கின நம்பருக்குப் போட்டு, எண்ணை வாயால படிக்கச் சொல்லுங்க.

சாட்ஸ்வர்த் யூனிட் 7 | 9 ஜூன் 2025

சரி, வீடு விடுங்க. ஆர்.ஏ.எஃப். (சாலை விபத்து நஷ்ட ஈட்டு நிதி) வக்கீலை எப்படி நியாயப்படுத்துவீங்க? கால் போனவன் கைக்குப் பாதி, வக்கீல் கைக்குப் பாதி. இதுக்கு என்ன காகிதம் இருக்கு?

கோப்பறை | 10 ஜூன் 2025

பாதி எடுத்தால் அது சட்ட விரோதம். நியாயப்படுத்த மாட்டேன்.

"ஜெயிச்சா காசு, தோத்தா இல்லை" ஒப்பந்தத்துக்கு 1997-இன் 66-ஆம் எண் சட்டம் இருக்கிறது. அரசு வகுத்த படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும், கையெழுத்திட்ட 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்து விலகலாம். தொகைக்கு இரண்டு வேலி. ஒன்று, வக்கீலின் வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கூடாது. இரண்டு, பண வழக்கில் கிடைத்த தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எது குறைவோ அதுதான் உச்சம். 25 சதவீதம் என்பது தானாக வக்கீலுக்குச் சேரும் பங்கு அல்ல. இங்கேதான் ஏமாற்று.

கணக்கு போட்டுப் பாருங்கள். கிடைத்தது 800,000 ராண்ட். மணிக்கணக்கில் வழக்கமான கட்டணம் 60,000 ராண்ட் வருகிறது. இரண்டு மடங்கு 120,000. 25 சதவீதம் 200,000. அவர் எடுக்கக்கூடியது 120,000 வரைதான். "25 சதவீதம் சட்டம்" என்று 200,000 எடுத்தால் 80,000 கூடுதல். வழக்கமான கட்டணம் 150,000 என்றால் இரண்டு மடங்கு 300,000 வரும், அப்போது 200,000-இல் நிறுத்த வேண்டும். அதனால் கேட்க வேண்டிய தாள், நேரக் கணக்கு போட்ட விவரப் பில். சதவீதம் மட்டும் எழுதிய ஒற்றை வரியை ஏற்காதீர்கள். இந்தச் சட்டத்துக்கு வெளியே தனியாகச் சதவீதம் பேசும் ஒப்பந்தம் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றமே 2014-இல் முடித்துவிட்டது.

இன்னொன்றும் மறைந்துபோகும். ஜெயித்தால் ஆர்.ஏ.எஃப். செலவுத் தொகை என்று தனியாகக் கட்டும். அது உங்கள் பணம், உங்கள் பில்லைக் குறைக்கத்தான் வருகிறது. இறுதிக் கணக்கில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பல குடும்பங்களுக்கு அப்படி ஒரு தொகை வந்ததே தெரியாது.

வெருலம் வாசகர் | 10 ஜூன் 2025

அண்ணா, ஆர்.ஏ.எஃப்.-க்கு வக்கீல் இல்லாம நேராவே போகலாமே. அந்த 25 சதவீதமும் மிச்சம்.

கோப்பறை | 11 ஜூன் 2025

போகலாம், படிவம் ஆர்.ஏ.எஃப். 1-ஐ நீங்களே தாக்கல் செய்யலாம். சின்னக் காயம், மருத்துவச் செலவு மட்டும் என்றால் யோசிக்கலாம். வருங்கால வருமான இழப்பு, நிரந்தர ஊனம் என்றால் நிபுணர் அறிக்கைகள் வேண்டும். வலி வேதனைக்கான தொகைக்கு "கடுமையான காயம்" என்று மருத்துவர் ஆர்.ஏ.எஃப். 4 படிவத்தில் மதிப்பிட வேண்டும். அந்த இடத்தில் தனியாள் தடுமாறுவார்.

கெடுவை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். இடித்த டிரைவர் யாரென்று தெரிந்தால் 3 வருடத்துக்குள் தாக்கல். இடித்துவிட்டு ஓடிப்போனால் 2 வருடம். தாக்கல் செய்துவிட்டால், விபத்து நாளிலிருந்து 5 வருடத்துக்குள் சம்மன். அரசு ஆஸ்பத்திரித் தவறு என்றால் இன்னும் அவசரம்: 6 மாதத்துக்குள் எழுத்து அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே வந்து கார்டு நீட்டும் தரகர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். தரகருக்குக் காசு கொடுத்து ஆள் பிடிப்பது ஒழுக்க விதிப்படி குற்றம். கார்டு நீட்டியவர் கண்கலங்கிப் பேசினார் என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை. கண்ணீருக்கும் கமிஷன் உண்டு.

மாரிட்ஸ்பர்க் மேசை | 13 ஜூன் 2025

கருமாதி வீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. எக்ஸிக்யூட்டர் (இறந்தவர் சொத்தைத் தீர்த்துக் கொடுப்பவர்) கட்டணத்தின் விதிப்படி உச்சம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம், இறந்த பிறகு வரும் வருமானத்தில் 6 சதவீதம். "மொத்தம்" என்பதைக் கவனியுங்கள், கடன் கழிக்காத தொகை. வீடு 1,200,000 ராண்ட், அதில் பாண்ட் பாக்கி 500,000 என்றாலும் கட்டணம் 1,200,000 மேல்தான்: 42,000. வாட் பதிவுள்ளவர் என்றால் 15 சதவீதம் சேர்த்து 48,300. விதவை இதைப் பார்த்து "செத்த வீட்டுல கொள்ளை" என்கிறார். சட்டப்படி சரி. ஆனால் இது உச்சவரம்பு, பேசிக் குறைக்கலாம். உயில் எழுதும்போதே சதவீதத்தை அதில் போட்டுவிடலாம். உயிலை இலவசமாக எழுதித் தருபவர் தன்னையே எக்ஸிக்யூட்டராகப் போட்டுக்கொண்டால், இலவசத்தின் விலை இதுதான்.

250,000 ராண்டுக்குள் இருக்கும் சொத்துக்கு முழு நடைமுறை தேவையில்லை. இறப்பு அறிவிப்பு, சொத்துப் பட்டியல், அடையாளத் தாள்களோடு குடும்பத்தாரே மாஸ்டர் ஆபீசுக்கு (இறந்தவர் சொத்தைப் பார்க்கும் அரசு அலுவலகம்) போய் அதிகாரக் கடிதம் வாங்கலாம். இதற்கும் 3.5 சதவீதம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கோயிலில் மட்டும் தாலி கட்டி, பதிவு செய்யாத கல்யாணம் என்றால் "உங்களுக்குப் பங்கே இல்லை" என்று ஒரு வாக்கியத்தில் அனுப்பிவிடும் ஆட்களும் உண்டு. உயில் இல்லாத சொத்தில் இந்துச் சடங்குப்படி மணந்த மனைவியும் வாழ்க்கைத் துணைதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து ரொம்ப நாளாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஐயர் சத்தியப் பத்திரம், ஒரே முகவரியில் இருந்ததற்கு பில், இவற்றோடு வேறு ஆளிடம் போங்கள்.

டோங்காட் அக்கா | 13 ஜூன் 2025

அந்தக் கடைசிப் பத்தியைக் கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்.

சாட்ஸ்வர்த் யூனிட் 7 | 16 ஜூன் 2025

யூத் டே லீவு, அதனால எழுத நேரம் கிடைச்சுது. நீங்க எல்லாரும் காசுக் கணக்காவே போறீங்க. இரக்கம் எங்கே? அதுவும் கேள்வியில பாதி. கொலைகாரனுக்கு வாதாடுறவனுக்கு இரக்கம் உண்டா? இவன் செஞ்சான்னு தெரிஞ்சும் இல்லேன்னு வாதாடுறதுக்குப் பேர் என்ன?

கோப்பறை | 17 ஜூன் 2025

"தெரிஞ்சும்" என்கிற இடத்தில் விதி இருக்கிறது. கட்சிக்காரர் தன் வக்கீலிடம் "நான்தான் செய்தேன்" என்று ஒத்துக்கொண்டால், வக்கீல் அவரைக் கூண்டில் ஏற்றிப் பொய் சொல்ல வைக்க முடியாது, "வேறொருவர் செய்தார்" என்று கதை கட்ட முடியாது, "அவர் அந்த ஊரிலேயே இல்லை" என்று சாட்சி கொண்டுவர முடியாது. செய்யக்கூடியது, அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்ததா என்று சோதிப்பது மட்டும். பொய் சாட்சி நிறுத்தினால் தொழிலே போகும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் என்பது அரசியல் சாசனத்தின் 35-ஆம் பிரிவு. காசில்லாதவருக்கு அரசுச் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் கொடுக்கிறது. நம் பிள்ளை போலீஸ் வேனில் ஏறும் நாளில் இந்தப் பிரிவின் மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை.

குறுக்கு விசாரணையில், அதுவும் பலாத்கார வழக்குகளில், பாதிக்கப்பட்ட பெண்ணை வக்கீல் குடைவதைப் பார்த்துவிட்டு ஈரமில்லை என்று சொன்னால் நான் வாதாட மாட்டேன். சாட்சியத்தைச் சோதிப்பது வேறு, ஆளை நசுக்குவது வேறு. இரண்டாவதைத் தடுக்க வேண்டியவர் மாஜிஸ்ட்ரேட். எல்லாரும் தடுப்பதில்லை.

கோப்பறை | 19 ஜூன் 2025

இரக்கத்தைப் பற்றி மறுபடி யோசித்தேன். சோதிக்கவே முடியாது என்று முதல் நாள் எழுதியது கொஞ்சம் அதிகம். பேச்சில் சோதிக்க முடியாது, செய்கிற வேலையின் வரிசையில் தெரியும்.

இந்த ஊர் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி, முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு டர்பனில் காந்தியின் ஆபீசுக்கு வந்தார். காந்தி நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் பதிவு பெற்ற புதிது, அதையும் அன்றைய லா சொசைட்டி எதிர்த்தது. ஆபீசில் இருந்த தமிழ்க் குமாஸ்தா விஷயத்தை விளக்கினார். அதற்குப் பிறகு நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயச் சான்று. அடுத்து நேராக மாஜிஸ்ட்ரேட் முன்னால் சத்தியப் பத்திரம். முதலாளியை ஜெயிலில் தள்ளுவது நோக்கமாக இல்லை, ஏனென்றால் அது பாலசுந்தரத்துக்குச் சோறு போடாது. ஒப்பந்தக் கூலி வேலையை விட்டு ஓடினால் அன்றைய சட்டத்தில் அது குற்றம், பிடித்து ஜெயிலில் போடுவார்கள். ஆகவே ஒப்பந்தத்தையே வேறு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார். செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவி, கூலிகள் அந்த ஆபீசைத் தேடி வந்தார்கள்.

இதில் தேறுதல் வார்த்தை எங்கே? ஆளுக்கு எது தேவை என்று கேட்டு, சான்று அழியும் முன் அதைப் பிடித்து, குறைந்த சண்டையில் காரியத்தை முடித்தது. அதுதான் நான் ஒத்துக்கொள்ளும் இரக்கம். வணிகர் தாதா அப்துல்லாவின் வழக்கிலும் காந்தி மத்தியஸ்தத்தில் ஜெயித்த பிறகு, தோற்றவர் திவாலாகாமல் தவணையில் கட்டத் தன் கட்சிக்காரரையே சம்மதிக்க வைத்தார்.

மாரிட்ஸ்பர்க் மேசை | 19 ஜூன் 2025

காந்தி வரைக்கும் போக வேண்டியதில்லை அண்ணா. கிளேர்வுட் பஸ் டிரைவர் மகள் நவி பிள்ளை படிப்புக்கு அந்த வட்டாரத்து மக்கள்தான் காசு சேர்த்தார்கள். 1967-இல் அவர் நேட்டாலில் ஆபீஸ் திறந்தபோது, சொந்தமாகச் சட்ட ஆபீஸ் நடத்திய முதல் வெள்ளையரல்லாத பெண் அவர். வெள்ளைக்கார ஆபீசில் யாரும் வேலை தரவில்லை என்பதால்தான் தனியாகத் திறந்தார். பிறகு உயர் நீதிமன்றம், ஐ.நா. வரை போனது எல்லாருக்கும் தெரியும். வக்கீலைத் திட்டும் அதே ஊர் வக்கீலை உருவாக்கவும் சில்லறை போட்டிருக்கிறது.

வெருலம் வாசகர் | 20 ஜூன் 2025

அந்தக் காலம் அந்தக் காலம்தான். இப்ப காசில்லாம யார் வாதாடுறா?

கோப்பறை | 20 ஜூன் 2025

சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டில் கமிஷனராக (நீதிபதியாக) உட்காருபவர்கள் அட்டர்னிகள், அட்வகேட்டுகள் (கோர்ட்டில் வாதாடும் வக்கீல்கள்), சட்ட ஆசிரியர்கள். சம்பளம் கிடையாது, வேலை முடிந்து சாயங்காலத்தில் வந்து உட்காருகிறார்கள். வரம்பு 20,000 ராண்ட். எதிராளிக்கு எழுத்தில் கோரிக்கைக் கடிதம், 14 நாள் அவகாசம், கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி, பிறகு மாஜிஸ்ட்ரேட் கோர்ட் கிளார்க்கிடம் சம்மன். இரு தரப்புக்கும் வக்கீல் வரக் கூடாது. நகராட்சி மேலும் அரசு மேலும் போட முடியாது. ஜெயித்தவர் தோற்றவர் யாருக்கும் அப்பீல் இல்லை.

டர்பனில் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையம் இருக்கிறது. லீகல் எய்ட் ஆலோசனை எண் 0800 110 110, கட்டணம் இல்லை.

சாட்ஸ்வர்த் யூனிட் 7 | 23 ஜூன் 2025

சரி, பாதி இறங்கி வரேன். "எல்லாரும்" என்கிறதை வாபஸ் வாங்கிக்கிறேன், "நெறைய பேர்" என்கிறதை விட மாட்டேன். பில்லைப் பத்தி யாராவது சொல்லுங்க. கொள்ளை பில் வந்தா என்ன பண்றது?

டோங்காட் அக்கா | 23 ஜூன் 2025

முதல் நாளே எழுத்துல மதிப்பீடு வாங்கு தம்பி. மணிக்கு எவ்வளவு, எந்தக் கட்டத்துல எவ்வளவு, அட்வகேட் வெச்சா தனியா எவ்வளவு, ஒரு மின்னஞ்சல் படிச்சா எவ்வளவு. அந்தக் கடைசிதான் ஆளைக் கொல்லும். ஆறு நிமிஷம் ஒரு யூனிட்னு போடுற ஆபீசுக்கு நீ "தேங்க் யூ"ன்னு அனுப்பினாலும் ஒரு யூனிட் ஓடலாம். எல்லாக் கேள்வியையும் சேர்த்து வெச்சு ஒரே மின்னஞ்சலா அனுப்பு.

மாரிட்ஸ்பர்க் மேசை | 24 ஜூன் 2025

பில் வந்தபின் சந்தேகம் என்றால் வரி வரியான விவரப் பில் கேளுங்கள். பிறகு டாக்ஸேஷன் (பில் சோதனை): கோர்ட் வழக்கு என்றால் கோர்ட் அதிகாரியான டாக்ஸிங் மாஸ்டர் ஒவ்வொரு வரியாகப் பார்த்து வெட்டுவார். தகராறு கட்டணத்தின் அளவு மட்டும் என்றால் எல்.பி.சி.யின் கட்டண மதிப்பீட்டுக் குழுவும் இருக்கிறது. முக்கியமாக, பில்லைக் கட்டிவிட்டு "முழு ஒப்புதல்" என்று அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்து வேண்டாம்.

வெருலம் வாசகர் | 2 ஜூலை 2025

கடைசியா ஒண்ணு. திருட்டுன்னு தெரிஞ்சா எல்.பி.சி.ல புகார் கொடுத்தா போதும்ல? அவங்களே ஃபண்டுக்குச் சொல்லிடுவாங்க?

கோப்பறை | 2 ஜூலை 2025

போதாது, வெருலம். எல்.பி.சி. புகார் ஒழுங்கு நடவடிக்கைக்கு. ஆளைப் பட்டியலிலிருந்து நீக்க எல்.பி.சி. உயர் நீதிமன்றம் போக வேண்டும், அதற்கு நாளாகும். ஃபண்டுக்கு நீங்கள் தனியாக எழுத வேண்டும். புகார் கொடுத்ததால் அந்த 3 மாதக் கெடு நிற்காது. போலீசில் வழக்கு எண் வாங்குவது மூன்றாவது வேலை. ஒரே வாரத்தில் மூன்றையும் செய்யுங்கள். மூன்றுக்கும் ஒரே கட்டு நகல் போதும்: பணம் போட்ட வங்கி அத்தாட்சி, அவர் கொடுத்த ரசீது, வேலை ஒப்படைத்த கடிதம், நீங்கள் பணம் கேட்டு எழுதியதும் அவர் பதிலும். வாட்ஸாப் பதில் என்றால் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அழித்துவிடுவார்கள்.

டோங்காட் அக்கா | 3 ஜூலை 2025

குரல் மெசேஜையும் சேர்த்து வைங்க. "கவலைப்படாதீங்கம்மா, நான் உங்க பிள்ளை மாதிரி"ன்னு சொல்றது அதுலதான் இருக்கும்.